படுமோசமான கச்சேரிகளும் மதினியின் முதல் பாட்டும்

மே 2, வெள்ளி

காலையிலிருந்து மூடுபனி. துவைத்துப் போட்ட விரிப்பு ஒன்றுகூடக் காயவில்லை. சீசன் என்பதால் லாட்ஜில் எல்லா அறையும் நிரம்பிவிட்டது. மேனேஜர் வந்து, "தனம்மா, ஹீட்டர் ரூம்ல காயப் போடுங்க" என்கிறார். ஹீட்டர் அறையில் அவருடைய சாக்ஸ் ஏற்கெனவே தொங்குகிறது. விரிப்பில் சாக்ஸ் நாற்றம் வந்தால் திட்டு வாங்கப் போவது நான்.

நாளைக் கச்சேரிக்கு:
– குடை இரண்டு
– ஃபிளாஸ்க்
– மதினிக்கு ஒரு ஸ்வெட்டர் (நிச்சயம் கொண்டுவர மாட்டார்)
– டிக்கெட் அச்செடுக்க. செல்லில் காட்டினால் போதும் என்கிறார்கள். மைதானத்தில் சிக்னல் கிடைக்குமா என்று ஒருவருக்கும் தெரியாது

செல்லில் இருக்கும் பாட்டுக் குழுவில் அட்மின் இன்று ஒரு வேலை வைத்திருக்கிறார். குழுவில் உள்ள ஒவ்வொருவரும் தாம் நேரில் கேட்ட மிகச் சிறந்த கச்சேரி ஒன்று, மிக மோசமான கச்சேரி ஒன்று எழுத வேண்டுமாம். 11ஆம் தேதி ஞாயிறு கடைசி நாள். சிறந்ததற்கு யோசிக்க வேண்டும். மோசமானதற்கு ஒரு நோட்டு பத்தாது.

மதினி நாளைக் காலையில் முதல் பஸ்ஸில் மேல்மலையிலிருந்து வருகிறார். மதினி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா, ராசாத்தி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்குக் கச்சேரித் துணை அவர்தான். வீட்டுக்காரருக்குப் பாட்டென்றாலே கொட்டாவி.

மே 3, சனி

ஈரச் செருப்பைக்கூடக் கழற்றாமல் எழுதுகிறேன். அவ்வளவு எரிச்சல்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து மைதானம் வரை ஒரே வண்டி வரிசை. நடந்தே போனோம். குதிரைச் சாணி, பஜ்ஜி எண்ணெய், டீசல் புகை. மூன்று நாற்றமும் சேர்ந்து தொண்டையில் உட்கார்ந்துகொண்டது. உள்ளே சேறு. நாற்காலியில் தண்ணீர். துடைக்கத் துணி கேட்டால், "மேடம், பின்னாடி பாருங்க" என்று கை காட்டுகிறான் டிக்கெட் பார்ப்பவன். பின்னால் பார்த்தால் இன்னும் ஈர நாற்காலிகள்.

மூன்று மணிக்கு என்றார்கள். பாடகி (பெயரை எழுத மாட்டேன், என் பேனாவுக்கு மரியாதை உண்டு) வந்தது ஐந்துக்கு. வந்ததும், "ஹாய் கொடைக்கானல், சத்தமே வரலியே!" இரண்டு மணி நேரம் நனைந்தவர்களிடம் சத்தம் கேட்கிறாள். ஜனங்களும் கத்துகிறார்கள். வெட்கமில்லை. பாட்டு தொடங்கியதும் எல்லோரும் செல்லைத் தூக்கிப் பிடித்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்தது முன்னால் நின்றவனின் செல்லில் தெரிந்த பாடகி மட்டும்தான். அதற்கு வீட்டிலேயே உட்கார்ந்து பார்த்திருக்கலாம்.

மதினியைக் காணோம். தேடினால் மேடை ஓரம், ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில். உள்ளங்கையைப் பெட்டிமேல் வைத்துக்கொண்டு, மேடையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"மதினி, காது என்னத்துக்கு ஆகும்? இங்கிட்டு வாங்க!"

சிரித்தார். நகரவில்லை. பெரிய மனுஷிக்குப் பிடிவாதம்.

மூன்றாவது பாட்டில் அவரே என் கையைப் பிடித்து இழுத்தார்.

"ஏ தனம், இந்தப் புள்ள பாடலத்தா."

"என்ன சொல்றீங்க?"

"தொண்டையப் பாரு. அம்புட்டு உசரம் போறப்ப கழுத்து நரம்பு எந்திரிக்கவே இல்ல. மூச்சும் வாங்கல. சும்மா வாயசைக்குது."

நான் நம்பவில்லை. அடுத்த பாட்டில் யாரோ ஒரு கரடி பொம்மையை மேடைக்கு நீட்டினார்கள். பாடகி மைக்கை அக்குளில் செருகிக்கொண்டு இரண்டு கையாலும் பொம்மையை வாங்கி முத்தம் கொடுத்தாள். வாய் பொம்மைமேல். குரல் மட்டும் ஸ்பீக்கரில் அழகாகக் குழைந்து குழைந்து மேலே போகிறது.

சரி, இப்போது கூட்டம் கொதிக்கும் என்று பார்த்தேன். கைதட்டினார்கள். விசிலடித்தார்கள். "செம" என்றான் பக்கத்தில் ஒருவன். ஏமாற்றியவளைவிட ஏமாந்து கைதட்டியவர்களைப் பார்த்துத்தான் எனக்கு அதிக ஆத்திரம்.

திரும்பி வரும்போது மதினியிடம் கேட்டேன், எப்படி என்று.

"நல்லா இருந்துச்சு."

"பாடவே இல்லன்னு நீங்கதான சொன்னீங்க?"

"அதுக்கென்ன. நெஞ்சுக்குள்ள திம்மு திம்முன்னு அடிச்சுச்சு. நல்லா இருந்துச்சு."

குடையை விரித்துக்கொண்டு அவருக்கு முன்னால் நடந்து வீடு வந்தேன்.

மே 4, ஞாயிறு

சளி. கஷாயம் வைத்தேன், கசப்பு.

மதினி காலைப் பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டார். போவதற்கு முன் அடுப்படியிலிருந்து மூன்று தடவை கேட்டேன், இட்லியா தோசையா என்று. பதில் இல்லை. எட்டிப் பார்த்தால் ஜன்னலைப் பார்த்துத் தலை வாரிக்கொண்டிருக்கிறார். நேற்றைய கோபம் எனக்கும் தீரவில்லை. முதுகுக்குப் பின்னாலேயே சொன்னேன்: "பாட்டுக் கேக்கத் தெரியாதவங்களக் கூட்டிட்டுப் போனது என் தப்பு."

வார்த்தை வெளியே வந்ததும் பயந்துவிட்டேன். அவரோ வாரிய முடியைச் சுற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிட்டு நிதானமாகக் கொண்டை போட்டார். அந்த அலட்சியம் இருக்கிறதே! சண்டையாவது போட்டிருக்கலாம்.

முன்பெல்லாம் இப்படி இல்லை. இருபது வருடத்துக்கு மேலாக எங்கள் இரண்டு பேருக்கும் பழக்கமே கச்சேரியைத் திட்டுவதில்தான். நான் ஒன்று திட்டினால் மதினி மூன்று திட்டுவார். தபேலாக்காரன் கைக்கடிகாரத்தைப் பார்த்ததைக்கூட விடமாட்டார். இரண்டு வருடமாகத்தான் இந்த நோய். எதைக் கேட்டாலும் "நல்லா இருந்துச்சு." கோயில் பஜனை, நல்லா இருந்துச்சு. கல்யாண மண்டப ஆர்க்கெஸ்ட்ரா, நல்லா இருந்துச்சு. வயதானால் நாக்கு ருசி போகும் என்பார்கள், காது ருசியும் போகும்போல.

அட்மினுக்கு எழுத: மோசமானது – நேற்று. சந்தேகமே இல்லை.

மே 6, செவ்வாய்

வெயில் அடித்தது! விரிப்பு பதினெட்டு காய்ந்தது. 9ஆம் அறைக்காரர்கள் தலையணை உறையில் ஷூ துடைத்திருக்கிறார்கள். படித்தவர்கள்.

குழுவில் ஒவ்வொருவராகப் போடுகிறார்கள். பழனிக்காரர் ஒருவர் தன் கல்யாணக் கச்சேரிதான் மோசம் என்று எழுதியிருக்கிறார். பாட்டா கல்யாணமா என்று யாரோ கேட்டு ஒரே சிரிப்பு.

என் மோசமான பட்டியலைச் சும்மா எழுதிப் பார்க்கிறேன்.

கன்னிவாடி. சோகப் பாட்டு. பாடுகிறவர் உருகி, சரணத்தின் கடைசி அடிக்கு மூச்சு இழுக்கிறார். அப்போது ஒருவர் மேடையேறி மைக்கைப் பிடுங்கி, "வெள்ளை வேன் யாருதுங்க, வழிய மறிச்சு நிக்குது, வெரசா வந்து எடுங்க." வேன்காரர் எடுத்து முடித்ததும் விட்ட அடியிலிருந்து பாடினார் அந்த மனிதர். என் கண்ணீர் அதற்குள் காய்ந்துவிட்டது.

ஒரு கல்யாண வீடு. பாட்டுக்குப் பாட்டு துண்டுச்சீட்டு. மணமகனின் நண்பர்கள் சார்பாக, நண்பர்களின் நண்பர்கள் சார்பாக. பாடியது ஐந்து, படித்தது ஐம்பது.

இங்கே ஏரிப் பக்கம் ஒரு ஹோட்டல். புல்லாங்குழல் வாசிப்பவருக்கு நேர் முன்னால் கரண்டி வைத்துக் கடக் கடக்கென்று சூப் குடித்தார்கள். அந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டே வாசித்தார். நானாக இருந்தால் குழலாலேயே அடித்திருப்பேன்.

சிறந்தது யோசித்தால் ஒட்டன்சத்திரம்தான் வருகிறது. எனக்குக் கல்யாணமான புதிது. மார்க்கெட் விடுமுறை நாளில் வியாபாரிகள் வைத்த பகல் கச்சேரி. லாரியின் பின்பக்கத்தைத் திறந்து அதுதான் மேடை. நானும் மதினியும் தக்காளிக் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் நின்றோம். கிளாரினெட் வாசித்தவர் ஒல்லி, சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. ஆனால் ஊதினார் பாருங்கள், லோடுமேன்கள் மூட்டையை முதுகில் வைத்தபடி அப்படியே நின்றுவிட்டார்கள். இறக்கி வைக்கத் தோன்றவில்லை அவர்களுக்கு. மதினி என் காதில், "இப்ப ஒண்ணு செய்வான் பாரு" என்றார். கிளாரினெட்காரர் செய்தார். எப்படித் தெரியும் என்றால், "தோள் சொல்லுச்சு" என்றார்.

காய்கறி வண்டியில்தான் மலையேறினோம். வழியெல்லாம் மதினி திட்டிக்கொண்டே வந்தார், கூட டோலக் வாசித்தவனை. எவ்வளவு சந்தோஷமாக இருந்தது!

சனிக்கிழமை மேல்மலையில் எங்கள் ஊரில் அம்மன் திருவிழா. வியாழன் முதல் லீவு சொல்லியாயிற்று. மதினியுடன் பேசக் கூடாது என்று இருந்தேன். ஆனால் முதல் பாட்டு அவருடையது, போகாமல் முடியாது.

மே 8, வியாழன்

மேல்மலை. வழியில் காட்டெருமை நின்றதால் பஸ் முக்கால் மணி நேரம் தாமதம். குளிர் எலும்பில்.

என்னவோ போல இருக்கிறது. வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

மதினி வீட்டுக்குள் நுழையும்போதே குக்கர் விசில். ஒன்று, இரண்டு, ஐந்து, ஏழு. அடி பிடிக்கும் வாசனை. மதினி வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து விதைப் பூண்டை உடைத்துப் பல் பல்லாகப் பிரித்துக்கொண்டிருக்கிறார். ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். பருப்பு கரி.

திரும்பி வந்து அவருக்குப் பின்னால் நின்றேன். ஏனோ அப்படித் தோன்றியது. "மதினி" என்றேன். பூண்டு உடைகிறது. சத்தமாக, "மதினி, வீடு தீப்பிடிச்சிருச்சு!" பூண்டு உடைகிறது.

சுற்றிக்கொண்டு முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"ஏ, எப்ப வந்த?" முகமெல்லாம் சிரிப்பு. அவர் பார்வை என் கண்ணில் இல்லை. உதட்டில்.

"எத்தன நாளா மதினி?"

"என்ன எத்தன நாளா?"

காதைத் தொட்டுக் காட்டினேன். கையிலிருந்த பூண்டைக் கீழே வைத்தார்.

"ரெண்டு வருசம் ஆச்சு. எடது சுத்தமா அடைச்சுக் கெடக்கு. வலதுல, எங்கிட்டோ மலைக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுற மாதிரி. பெரியகுளத்துல டாக்டரு மிசின் மாட்டச் சொன்னாரு."

"மாட்ட வேண்டியதுதான?"

"மாட்டுனா முதப் பாட்டு போயிருமேத்தா."

இதை எழுதவே பற்றிக்கொண்டு வருகிறது. எங்கள் ஊர் வழக்கம்: ஆர்க்கெஸ்ட்ரா தொடங்குமுன் அம்மனுக்கு முதல் பாட்டு ஊர்ப் பெண் ஒருத்தி பாட வேண்டும். மேடை அம்மனைப் பார்த்துத்தான் இருக்கும். பாடுகிறவளுக்கு அங்கத்தில் குறை இருக்கக் கூடாது. முப்பது வருடமாக மதினிதான் பாடுகிறார். அவருக்கு முந்தி பாடியவள் விரலைக் கதிரரிவாள் வெட்டியது, அந்த வருடமே மாற்றிவிட்டார்கள். விரலாலா பாடினாள்? கேட்க ஆளில்லை.

"அப்ப எல்லாத்தையும் நல்லா இருந்துச்சு நல்லா இருந்துச்சுன்னீங்களே..."

"கேக்காத பாட்டத் திட்ட முடியுமா? மனசு ஒப்பல. அதான் நல்லா இருந்துச்சுன்னேன்."

நான் அன்றைக்கு அவர் முதுகுக்குப் பின்னால் சொன்னது. நல்லவேளை கேட்கவில்லை என்று ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன். அப்படிச் சந்தோஷப்பட்டதற்கு இப்போது என்னையே அறையலாம் போலிருக்கிறது.

பாடச் சொன்னேன். ஒரு கையைக் கன்னத்தில் அழுத்தி வைத்துக்கொண்டு பாடினார். ஊஞ்சல் பாட்டு. துளி பிசகவில்லை. "பாட்டு உள்ள கெடக்கு. கைய வச்சா எலும்புல ஏறுது. அது போதும்" என்கிறார்.

சரி, இதுவரை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை, இந்த வருடமும் தப்பிக்கலாம் என்றால், சாயங்காலம் வந்தது வினை. ஆர்க்கெஸ்ட்ரா கீபோர்டுக்காரர் ஸ்டீபன் ஒத்திகைக்கு வந்தார். இந்த வருடம் முதல் பாட்டுக்கு மைக்கும் கீபோர்டும் உண்டாம். விழாக்குழுத் தலைவர் முடிவு. மதினி பாடுகிறார் ஒரு சுருதியில், கீபோர்டு போகிறது வேறொன்றில். ஸ்டீபன் பாவம், பட்டனை அமுக்கி அமுக்கி மதினியைத் துரத்துகிறார். அவர் மாற்றுவதற்குள் மதினி அடுத்த அடிக்குப் போய்விடுகிறார்.

"அக்கா, கொஞ்சம் கீபோர்டக் கேட்டுப் பாடுங்கக்கா."

மதினி அவர் உதட்டைப் பார்த்துச் சிரித்தார். "சரி தம்பி, நாளான்னைக்குப் பாத்துக்கலாம்."

அவர் போனதும் என்னிடம், "அவன் பொட்டி என்ன சொல்லுதுன்னு எனக்கு எப்படித்தா தெரியும்?" என்றார். அந்த முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

மே 9, வெள்ளி

தூறல். பருப்புச் சட்டியைத் தேய்த்ததில் நகம் உடைந்தது.

காலையிலேயே தலைவர் கோவிந்தன் மாமாவைப் பார்க்கப் போனேன். பூண்டுக் கொட்டகையில் நின்று சவுண்டு செட் முருகேசனுக்கு ஸ்பீக்கர் எங்கே வைப்பது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"எல்லாப் பொட்டியும் அம்மனப் பாத்து வையப்பா."

"மாமா, அப்ப ஜனங்களுக்கு எதிரொலிதான் கேக்கும்" என்றேன்.

"அம்மனுக்குக் கேட்டாப் போதும்."

"அம்மனுக்கு இத்தனை வருசம் மைக் இல்லாமலே கேட்டுச்சே. முதப் பாட்ட மட்டும் பழையபடி வெறுமனே பாட விடுங்க மாமா."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "இந்த வருசம் யூடியூபுல லைவு போகுது. திருப்பூர்ல, துபாய்ல நம்ம பயலுக பாப்பானுக. வெறுந்தொண்டையில பாடுனா நல்லாவா இருக்கும்? எக்கோவெல்லாம் வைக்கச் சொல்லிருக்கேன்." பிறகு, "ஏன், ஒங்க மதினிக்கு முடியலையா? முடியலைன்னா சொல்லுங்க. நம்ம மருமக ஆன்லைன்ல பாட்டு கத்துக்கிருச்சு."

"அதெல்லாம் முடியும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வேறென்ன சொல்ல? காரணத்தைச் சொன்னால் பாட்டே போகும். சொல்லாவிட்டால் ஊர் முன்னால் மானம் போகும்.

வீட்டுக்காரர் திண்டுக்கல்லில் இருந்து போன். "என்ன சோலி அங்க, சாப்டியா?" சாப்பிட்டேன் என்றேன். அவரிடமும் சொல்லவில்லை. அக்காவின் ரகசியம், அக்காவே சொல்லட்டும்.

மதினியிடம் எழுதிக் காட்டினேன்: காய்ச்சல் என்று படுத்துக்கொள்ளுங்கள். படித்துவிட்டுத் தாளை மடித்து அடுப்பில் போட்டார்.

"ஒரு வருசம் படுத்தா, அடுத்த வருசம் எந்திரிக்க விடமாட்டாக."

மே 10, சனி

சேலையில் சேறு, ஊறப் போட்டிருக்கிறேன்.

எங்கள் ஊரில் கச்சேரி பகலில்தான். இருட்டுமுன் ஆர்க்கெஸ்ட்ரா வண்டி மலையிறங்க வேண்டும். மதியம் இரண்டு மணிக்கு ஜனம் கூடிவிட்டது. பனி கோயில் கோபுரம் வரை இறங்கி நின்றது. மேடையில் குழல் விளக்கு, ஸ்பீக்கர் பெட்டிகள், பெட்டிக்கு ஒரு சிவப்பு விளக்கு. எல்லாம் அம்மனைப் பார்த்து.

முதலில் நன்றியுரை. தலைவர் நாற்பது பேருக்கு நன்றி சொன்னார், எக்கோவுடன். ஒவ்வொரு பெயரும் மூன்று தடவை கேட்டது. துபாய்க்குத் தனி வணக்கம்.

மதினி ஏறினார். மஞ்சள் சேலை. யாரோ மைக்கைக் கையில் கொடுத்தார்கள். ஒரு கையில் மைக் இருந்தாலும் மறு கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். ஸ்டீபன் சுருதி கொடுத்தார். மதினி தொடங்கினார்.

ஐயோ.

குரல் ஒரு பக்கம், கீபோர்டு ஒரு பக்கம். நடுவில் எக்கோ. கோயில் சுவரில் முட்டித் திரும்பி வந்தது நான்காவது. இரண்டாவது அடியில் ஸ்டீபன் பட்டனை மாற்றினார், இன்னும் மோசமானது. எனக்கு முன்னால் இரண்டு பேர் தோளில் தோள் இடித்துச் சிரித்தார்கள். ஒருவன் செல்லைத் தூக்கினான். "ஏலே, எடுடா எடுடா, ஸ்டேட்டஸ் போடலாம்." தலைவரின் மருமகள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அதுவும் சிரிப்புத்தான்.

எத்தனை கச்சேரிக்கு இப்படி நானே சிரித்திருக்கிறேன்.

எப்படிப் போனேன் என்று தெரியாது. மேடைக்குப் பின்னால் சேற்றில் கால் புதைந்து, கைவைத்து எழுந்து, ஜங்ஷன் பெட்டி ஒன்று தார்ப்பாய்க்கு அடியில் இருந்தது. தடியான ஒயர் ஒன்று. பிடுங்கிவிட்டேன்.

எல்லாம் ஒரே நொடியில் அடங்கியது. கீபோர்டு போனது, எக்கோ போனது, விளக்கும் போனது.

மதினி நிற்கவில்லை.

அந்தக் கூட்டத்தில் யாருக்கும் என்ன நடந்தது என்று பிடிபடுவதற்குள் அடுத்த அடிக்குப் போய்விட்டார். வெறும் குரல். பனிக்குள் அது எங்கும் முட்டாமல் போனது. சிரித்தவன் செல் தூக்கின கையை இறக்கவில்லை, சிரிப்பு மட்டும் நின்றுவிட்டது. குழந்தை ஒன்று அழுதது, யாரோ வாயைப் பொத்தினார்கள். ஊஞ்சல் மேலே போகும் இடத்தில் மதினியின் கழுத்து நரம்பு எழுந்து நின்றதை மேடையின் பின் ஓரத்தில் இருந்தே பார்த்தேன். போன வாரம் பொம்மைக்கு முத்தம் கொடுத்தவளுக்கு வாய் நின்றும் பாட்டு ஓடியது. இங்கே பெட்டியெல்லாம் செத்துப் போயும் பாட்டு ஓடுகிறது. நான் ஒயரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்து அழுதேன்.

பாட்டு முடிந்தது. ஒரு கிழவர் "ஆத்தா!" என்று கத்தினார். பிறகுதான் கைதட்டல். ஒயரைத் திரும்பச் செருகினேன். விளக்கு எரிந்தது. தலைவர் மேடையேறி, "ஏலே முருகேசா, என்னடா செட்டு வச்சிருக்க? டீக்கடையில லைட்டு எரியுது, இங்க மட்டும் போகுது! துபாய்க்காரன் என்ன நினைப்பான்?"

முருகேசன் பெட்டி பெட்டியாக ஓடிப் பார்த்தார். நான் டீ வாங்கிக் கொடுத்தேன். "லூஸ் கனெக்சனா இருக்கும்க்கா" என்று என்னிடமே சொல்கிறார். பார்க்கவே கேவலமாக இருந்தது, என்னைத்தான்.

பிறகு ஆர்க்கெஸ்ட்ரா. படுமோசம். எழுதத் தகுதியில்லை.

மே 11, ஞாயிறு

பனி. பஸ் எட்டரைக்கு. முருகேசன் வண்டியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார். போய், "ஒயரப் புடுங்குனது நான்தாங்க" என்றேன். தூக்கிய பெட்டியைக் கீழே வைத்தார். "நல்ல வேளக்கா, நான் ராத்திரி முழுக்கத் தூங்கல, செட்டு போச்சோன்னு" என்றார். ஏன் என்று கேட்கவில்லை. தலைவரிடம் சொல்லவா என்றேன். வேண்டாமாம், அவர் எப்படியும் திட்டுவாராம்.

குழுவுக்குக் கடைசி நாள். மோசமானது பற்றி மூன்று பத்தி எழுதிப் போட்டேன், கரடி பொம்மை உட்பட. சிறந்ததற்கு ஒட்டன்சத்திரம் என்று ஆரம்பித்து அழித்தேன். "நேற்று, எங்கள் ஊர், எங்கள் மதினி" என்று எழுதினேன். மேலே என்ன எழுதியும் பிடிக்கவில்லை. கடைசியில், "நல்லா இருந்துச்சு" என்று மட்டும் போட்டு அனுப்பினேன். விவரமாக எழுதச் சொல்லி அட்மின் உடனே கேட்கிறார். கேட்கட்டும்.

மதினி பஸ் நிறுத்தம் வரை வந்தார். கையில் எனக்கு ஒரு பை பூண்டு. நேற்றிலிருந்து பாட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

"பாட்டு எப்படி இருந்துச்சு?" என்று இப்போது கேட்டார்.

அவருக்குத் தெரியும்படி வாயைத் திறந்து சொன்னேன். "நல்லா இருந்துச்சு மதினி."

"பொய் சொல்லாத. மூணாவது அடியில எனக்கு மூச்சு பத்தல. இழுக்க வேண்டிய எடத்துல வெட்டிட்டேன். நீ கவனிக்கல?"

கவனித்திருந்தேன். "ஆமா மதினி. கடைசியிலயும் கொஞ்சம் அவசரப்பட்டீங்க."

"அப்படிச் சொல்லு!" அவர் முகத்தில் ஒட்டன்சத்திரத்துச் சந்தோஷம். "இனி நீதான் எனக்குச் சொல்லணும். நான் திட்டுறதுக்குத் தோதா சொல்லு, என்ன? அந்தக் கீபோர்டுக்காரன் எப்படி வாசிச்சான்?"

"படுமோசம்."

"பாத்தாலே தெரிஞ்சுச்சு. பட்டன எலிப்பொறிய அமுக்குற மாதிரி அமுக்குறான்."

பஸ் வளைவில் திரும்புவது தெரிந்தது. ஹாரன் எனக்குக் கேட்டது. அவர் அதன் விளக்கைப் பார்த்துவிட்டு என்னைப் படியில் ஏற்றிவிட்டார். நான் உட்கார்ந்ததும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். அவர் தாழ்த்தியதாக நினைத்தது பஸ் முழுவதும் கேட்டது.

"பொட்டியில செவப்பு லைட்டு அமந்துச்சு, ஒன் சேலையெல்லாம் சேறு. அடுத்த வருசமும் மறக்காம வந்து புடுங்கிரு."